மனநல மேடையில் சேரிப் பெண்ணுக்கு நாற்காலி எங்கே?

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் இன்று வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேங்கைவயல். 2022 டிசம்பரில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. அதே மாவட்டத்துக்கு மருத்துவ உலகில் இன்னொரு பெயரும் உண்டு. சென்னையில் உள்ள ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் 2010-இல் இங்கே ஒரு மனநலப் பேருந்தை ஓட்டத் தொடங்கியது. பேருந்துக்குள் ஒரு திரை. அந்தப் பக்கம் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர், இந்தப் பக்கம் கிராமத்து நோயாளி. பேசி முடித்ததும் மருந்து அந்தப் பேருந்திலேயே இலவசமாகக் கிடைத்தது.

இந்த இரண்டு செய்திகளையும் நாம் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று சாதிப் பிரச்சினை, மற்றொன்று ஆஸ்பத்திரி விஷயம் என்று தனித்தனியே மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால், அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்கும் மொண்டு கொடுத்த தாய்க்கு அதற்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் நிம்மதியாக இறங்கியிருக்குமா? குற்றவாளி யார் என்ற விசாரணை 2 ஆண்டுகள் நீண்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த 3 பேரைக் குற்றம் சாட்டியது. மக்கள் அதை ஏற்க மறுத்துப் போராடினார்கள். இவை எல்லாம் பேசப்பட்டன. அந்த மக்களின் மனம் இத்தனையையும் எப்படித் தாங்கியது என்பது மட்டும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

அதனால்தான் இந்தக் கேள்வியை முன்வைக்கிறோம். கிராமத்தைத் தேடி வரும் மனநலப் பணியை நடத்துகிறவர்கள் யார்? அது யார் கையில் இருந்தால் சேரிக்குள்ளும் வரும்?

ஆஸ்பத்திரிக்குப் போனால் 2 கூலி போகும்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு 2015-16-இல் முடிந்தது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக அது கணக்கிட்டது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றும் சொன்னது. நாட்டில் 1 லட்சம் பேருக்கு 1 மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில்தான் இருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யத்தான் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட ஒரு குழு மாவட்டத்தில் இருக்க வேண்டும். குறித்த நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் செல்ல வேண்டும். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரு குழு என்றால், ஒரு கிராமத்துக்கு அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வர முடியும்?

மீதி நாள்களில் நோயாளிதான் போக வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மனம் குழம்பியவரைத் தனியாக அனுப்ப முடியாது. அதனால் போகிறவர் கூலி ஒன்று, துணைக்குப் போகிறவர் கூலி ஒன்று, அதற்கு மேல் பேருந்துச் செலவு. போன அன்று மருந்து இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னொரு நாள் கூலியும் போகும். இப்படி 2 மாதம் அலைந்த குடும்பம் 3-வது மாதம் நின்றுவிடும். மாத்திரை நின்றதும் நோய் திரும்பும். ‘மருந்து கேக்கலை, இது வேற காத்து’ என்று யாராவது சொல்வார்கள். குடும்பம் கோயிலுக்கோ தர்காவுக்கோ கிளம்பும்.

அப்படிக் கிளம்பிய பாதையின் முடிவில் என்ன இருந்தது என்பதை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் அதை முடித்துவிட முடியாது. அருகில் சிகிச்சை இல்லாததும், இருந்த சிகிச்சைக்குப் போகக் காசில்லாததும் சேர்ந்துதான் அந்தச் சங்கிலியை மாட்டின.

வழி போட்டவர்கள்

இந்த நிலையை மாற்ற முதலில் இறங்கியவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். பூட்டி வைப்பது மட்டும் வைத்தியம் ஆகாது, நோயாளி மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1984-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் மறையும் வரை அந்தப் பணியோடுதான் இருந்தார். அவருக்குப் பின் மருத்துவர் ஆர். தாரா போன்றவர்கள் அதைக் கிராமம் வரை கொண்டு சென்றார்கள்.

1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற 2 இளம்பெண்கள், தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக ‘பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அது பின்னாளில் ‘நலம்’ என்ற பெயரில் கிராமங்களில் உள்ளூர்க் களப்பணியாளர்களை வைத்து வேலை செய்தது. விடுதியிலேயே காலம் கழித்த பெண்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்து, துணைக்கு ஆள் வைத்துக் குடியமர்த்தும் பணியையும் 2015 வாக்கில் தொடங்கியது.

மகாராஷ்டிர மாநிலம் புணேயில் ‘பாபு டிரஸ்ட்’ அமைப்பைக் கட்டிய பார்கவி தவர் இன்னொரு வகைத் தலைவர். தன் தாய் மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டதைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்த அனுபவத்திலிருந்தே கட்டாயச் சிகிச்சையை எதிர்த்துப் பேசினார், குடிசைப் பகுதிகளில் மனநலப் பணியை நடத்தினார். 2024-இல் அவர் காலமானார். நோயின் பக்கத்திலிருந்து வந்தவரும் இந்தத் துறையை நடத்த முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

வாசலுக்கு வந்தவர் யார்?

இந்தத் தலைவர்கள் எல்லோருமே ஒன்றை ஒப்புக்கொண்டு வேலை செய்தார்கள். மருத்துவர் மட்டும் போதாது. நோயாளியின் வாசல் வரை போக உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். பேருந்தில் திரை இருக்கலாம், திரையில் மருத்துவர் தெரியலாம். ஆனால் எந்த வீட்டுப் பின்கட்டில் யாரை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அறிந்து, அந்தக் குடும்பத்தோடு பேசி, கையைப் பிடித்துப் பேருந்து வரை அழைத்து வருவது களப்பணியாளர்தான். அவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. அதே வட்டாரத்தைச் சேர்ந்து, பள்ளிப்படிப்போடு பயிற்சி பெற்றவர்கள்.

அவர்களால் முடியுமா என்ற சந்தேகத்துக்கு ஆய்வும் பதில் சொல்லிவிட்டது. காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய 3 இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும். மற்றொரு பிரிவினருக்கு அதோடு களப்பணியாளர் வீட்டுக்கு வந்து மருந்தைக் கவனிப்பதும், குடும்பத்தோடு பேசுவதும், வேலைக்குத் திரும்ப உதவுவதும் சேர்ந்திருந்தது. ஓர் ஆண்டு கழித்து, களப்பணியாளர் வந்த வீடுகளில் நோயின் கடுமையும் முடங்கிக் கிடப்பதும் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. பலன் தெளிவாகத் தெரிந்த இடம் நம் காஞ்சிபுரம்.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே இன்னும் ஒரு படி மேலே போனது. பேருந்துக் கட்டணம் இல்லாமல் மருத்துவமனைக்கு வர முடியாத ஓர் இளம்பெண்ணை இழந்த மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா, 2006-இல் தலைநகர் ஹராரேயின் ஏழைப் பகுதி ஒன்றில் 14 பாட்டிமார்களோடு ஒரு பணியைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப்பலகை. அதில் பாட்டி உட்கார்ந்து, வருகிறவர் பேச்சைக் கேட்பார். எந்தச் சிக்கலை முதலில் தீர்க்கலாம் என்று கூடவே யோசிப்பார். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை. அவர்கள் மொழியில் ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று ஒரு சொல் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் ‘ஒரே யோசனையா இருக்கு, ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது’ என்று சொல்வதும் அதேதான். 573 பேரிடம் நடந்த ஆய்வில் 6 மாதம் கழித்து நல்ல பலன் தெரிந்தது. முடிவு 2016-இல் வெளியானது. இன்று அந்தப் பணி பேசப்படும் இடமெல்லாம் பாட்டிமார்களின் பெயரால்தான் பேசப்படுகிறது. நம் நாட்டில் களப்பணியாளருக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை.

ரகசியத்தை யாரிடம் சொல்வது?

உள்ளூர்ப் பெண் என்று பொதுவாகச் சொல்வதும் நம் கிராமத்தில் போதாது. ஊர்ப் பெண்ணா, சேரிப் பெண்ணா என்ற கேள்வி உடனே வந்துவிடும். ஊர்த்தெருவிலிருந்து வரும் பணியாளர் சேரியின் முனையிலேயே நின்று, ‘யாருக்காவது உடம்பு சரியில்லையா’ என்று கேட்டு எழுதிக்கொண்டு திரும்புவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சேரியிலிருந்து போகும் பணியாளரை ஊர்த்தெருவில் திண்ணையோடு நிறுத்தி அனுப்புவதையும் பார்த்திருக்கிறோம். ரத்த அழுத்தம் பார்க்கத் திண்ணை போதும். மனசைக் கேட்க வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மனநலப் பணியின் உயிர், சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை. ஆலோசனை சொல்ல வருகிறவர், நீங்கள் நடவுக்குப் போகும் காட்டுக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் உங்கள் மனதில் உள்ளதைச் சொல்வீர்களா? களத்தில் மேஸ்திரி சாதி சொல்லித் திட்டியதால்தான் 10 நாளாகத் தூக்கம் இல்லை என்று அந்த மேஸ்திரியின் சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்ல முடியும்? ‘தலைவலி’ என்று மட்டும் சொல்வோம். தலைவலி மாத்திரை கிடைக்கும்.

சாதி மனதைப் பாதிக்கிறது என்பது நம் வீட்டுப் புலம்பல் மட்டும் இல்லை. ஆஷிஷ் குப்தா, டயான் காபி என்ற ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, தலித் மக்களும் முஸ்லிம்களும் ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடக் கூடுதல் மன வேதனையைத் தெரிவிப்பதாகக் கண்டது. படிப்பு, சொத்து போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி முழுதாக மறையவில்லை. வறுமை தீர்ந்தால் எல்லாம் தீரும் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசுக் கணக்கோ இதைக் காட்ட மறுக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர். தொழில், படிப்பு, வயது என்று பல அட்டவணைகள் அந்த அறிக்கையில் இருக்கின்றன; சாதி அட்டவணை இல்லை. கணக்கில் வராத வலிக்குத் திட்டத்திலும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

சாதியை அறியாத மனநலப் பணிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அவமானப்பட்டவரையே ‘நீங்கள் இதை மறக்கப் பழக வேண்டும்’ என்று அது அனுப்பிவைக்கும். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தபோது, தனி ஒருவரின் மனச்சோர்வாக அதைச் சுருக்கும் முயற்சிகள் நடந்தன. விடுதியை விட்டு வெளியேற்றியதும், உதவித்தொகை நின்றதும் பேச்சிலிருந்து நழுவின. மாணவர்கள் போராடித்தான் அவற்றை மீண்டும் பேசவைத்தார்கள். காயத்துக்கு மருந்து போடும் கை, அடித்த கையையும் சுட்டிக்காட்ட வேண்டும். சாதியின் அடியை உள்ளிருந்து அறிந்தவர்கள் இந்தப் பணியை நடத்தும் இடத்தில் இருந்தால்தான் அது நடக்கும்.

பள்ளிக்கூடத்தில் யார் கேட்பார்கள்?

மாணவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்கு முன் பள்ளியில் நடந்த சீண்டல்களை அந்த மாணவர் நீண்ட நாள் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்டார். சொல்வதற்கு ஓர் ஆள் அவருக்கு இருந்திருந்தால் என்ற எண்ணம் அந்தச் செய்தியைப் படித்த எல்லோருக்கும் வந்திருக்கும்.

அதன்பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500-க்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்த நியமனம் நடக்கும்போது சமூகப் பணி, உளவியல் படித்த தலித், பழங்குடி இளைஞர்களும் அந்த நாற்காலிகளில் அமர வேண்டும். இன்று கல்லூரியில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தப் படிப்புகளின் பக்கம் திரும்பிப் பார்க்க இது ஒரு காரணம்.

விருது திட்டத்துக்கு, ஊக்கத்தொகை பெண்ணுக்கு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து. ஏழைகளுக்கு உண்மையாகவே பலன் தந்த திட்டம். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. ஆனால் வீடுவீடாக நடந்த மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் ‘தன்னார்வலர்கள்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். கைக்கு வருவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. பணி நிரந்தரமும் முறையான ஊதியமும் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. வேலை முழுநேரம், பெயர் தன்னார்வம் என்ற இந்தக் கணக்கு பெண்களிடம் மட்டும்தான் செல்லுபடியாகிறது.

மனநலத்தையும் இந்தப் பெண்கள் தலையில் தூக்கி வைத்து இன்னொரு பதிவேட்டைக் கையில் கொடுத்தால், அது சுரண்டலாகத்தான் முடியும். அடுத்தவர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்பது கல் சுமப்பதற்குக் குறைந்த வேலை இல்லை. கேட்கிறவருக்கும் மனம் உண்டு. அவருக்குப் பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும், தன் பாரத்தை இறக்கிவைக்க மேலே ஒரு ஆள் வேண்டும். அனுபவம் கூடக்கூட மேற்பார்வையாளராக, பயிற்சியாளராக, மாவட்டக் குழு உறுப்பினராக உயர வழி வேண்டும்.

சட்டம் இதற்குக் கதவை ஓரளவு திறந்தே வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, சாதி உட்பட எந்த வேறுபாடும் இன்றி மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். 95-வது பிரிவு சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. நோயாளிகளின் முறையீட்டைக் கேட்கும் மனநல சீராய்வு வாரியத்தில் 6 பேர். அவர்களில் 2 பேர் மனநோய் கண்டவராகவோ, பராமரிக்கும் குடும்பத்தாராகவோ, அவர்களுக்கான அமைப்பினராகவோ இருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தாரையும் அந்த இடத்தில் நியமிக்கலாம் என்று இருப்பதால், மகனை 20 ஆண்டு பார்த்துக்கொண்ட ஒரு கூலித் தாய்க்கு அந்த நாற்காலி தானாக வந்துவிடாது. நாம்தான் கேட்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவைதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மனநலக் களப்பணியாளர் வேண்டும். சேரி உள்ள ஊராட்சிகளில் சேரிப் பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும். அது சம்பளமும் பதவி உயர்வும் உள்ள வேலையாக இருக்க வேண்டும். துணை சுகாதார நிலையத்திலேயே மாதாந்திர மருந்து கிடைக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு சொல்லும் மறுவாழ்வில் மனநலச் சிகிச்சையையும் எழுதிச் சேர்க்க வேண்டும். நிவாரணக் காசோலையோடு கோப்பை மூடக் கூடாது. மாவட்ட மனநலக் குழுவிலும் சீராய்வு வாரியத்திலும் தலித் பெண்களுக்கும் நோய் கண்டு மீண்டவர்களுக்கும் இடம் வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ இருக்கிறது. 104-ஐயும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்று தோன்றுவதாக ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், கூடவே இருந்து அழையுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவரைப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற பிள்ளைகளை அந்த இடத்திலேயே கண்டியுங்கள். சர்க்கரை மாத்திரைக்கு இல்லாத வெட்கம் இந்த மாத்திரைக்கும் வேண்டாம்.

சாரதா மேனன் காலத்தில் ஒரு பெண் மனநல மருத்துவமனைக்குத் தலைமை ஏற்பதே புதுமையாக இருந்தது. இன்று அது இயல்பாகிவிட்டது. சேரியில் பிறந்த பெண் ஒருவர் மாவட்ட மனநலப் பணிக்குத் தலைமை ஏற்பதும் அப்படி இயல்பாக வேண்டும். அந்தப் பெண் இப்போது நம் மாவட்டத்தின் ஏதோ ஒரு அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கான நாற்காலியை இப்போதே கேட்டு வைப்பது நம் வேலை.